வைண்டிங் கடையில ஜாஸ்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்ல மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கேன். தண்ணி மோட்டார், மிக்ஸி, கீசர், ரூம் ஹீட்டர்னு எல்லாம் வரும். கடையில காலையில இருந்து ஜாஸ் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால வர்றவங்க போறவங்க எல்லாரும் திரும்பத் திரும்ப அதே கேள்விகளத்தான் கேக்குறாங்க, நானும் ஒரு கையில மிக்ஸிய கழட்டிக்கிட்டே பதில் சொல்றேன், பாதி விட்டுப்போகுது. அதான் உக்காந்து எழுதிட்டேன். பாட்டு, கிரிக்கெட், ஊர் விஷயம் எல்லாம் கலந்துதான் வரும், கடையில பேசுறதும் அப்படித்தான்.

கொடைக்கானல்ல இருந்துக்கிட்டு ஜாஸ் எப்படிண்ணே பழக்கமாச்சு?

எங்கப்பா வாங்கிட்டு வந்த ரெக்கார்ட் பிளேயர்தான் காரணம். எனக்கு அப்ப ஒம்பது வயசு. இங்க ரொம்ப வருஷமா இருந்த ஒரு அமெரிக்க வாத்தியார் குடும்பம் ஒரேடியா ஊருக்குத் திரும்பிப் போறாங்கன்னு வீட்டு சாமான எல்லாம் வித்தாங்க. கம்பளி, கட்டில், பாத்திரம்னு ஆளுக்கு ஒண்ண தூக்கிட்டுப் போனாங்க, எங்கப்பா மட்டும் ஒரு பிளேயரையும் ஒரு மரப்பெட்டி நிறைய எல்பி ரெக்கார்டையும் வாங்கி கூலியாள் தலையில வச்சு கொண்டாந்தாரு. அம்மா ரெண்டு நாள் அவரோட பேசல. அது 110 வோல்ட் பிளேயர், நம்ம லைன் 230. அப்பாவும் வைண்டிங்காரர்தானே, அவரே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் சுத்திப் போட்டாரு, ஓடுச்சு.

ஓடுச்சு, ஆனா மெதுவா ஓடுச்சு, அதுதான் எங்க யாருக்கும் தெரியல. அமெரிக்காவுல கரண்டு செகண்டுக்கு 60 சைக்கிள், இங்க 50. அந்த மாதிரி பிளேயர் மோட்டாரெல்லாம் சைக்கிளுக்குத் தகுந்த வேகத்துலதான் சுத்தும், வோல்டேஜ எத்தன டிரான்ஸ்ஃபார்மர் போட்டு சரி பண்ணாலும் அது மாறாது. நிமிஷத்துக்கு 33 சுத்துக்கு மேல சுத்த வேண்டிய தட்டு 28 சுத்து கூட முழுசா சுத்தல. சுருதியும் கீழ இறங்கிடும், நாலு கட்டையில பாடுறத ரெண்டு கட்டையில கேக்குற மாதிரி. ஒம்பது நிமிஷ உருப்படி பதினோரு நிமிஷம் போகும். பெட்டியில இருந்ததுல மைல்ஸ் டேவிஸோட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’தான் எங்க வீட்டுல ரொம்ப ஓடுனது, அந்த ட்ரம்பெட் எங்களுக்கு கொம்பு ஊதுற மாதிரி கனமா வரும். ஜாஸ்னாலே அப்படித்தான் இருக்கும்னு ஒம்பது வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் திண்டுக்கல்ல ஐடிஐ படிக்கும்போது ரூம்ல ஒருத்தன் அதே பாட்ட கேசட்ல போட்டான். மெல்லிசா, விறுவிறுன்னு போகுது. டேப்ரெக்கார்டர்தான் பழுதுன்னு கழட்டிப் பாத்தேன், பெல்ட் சரியா இருக்கு, மோட்டார் சரியா இருக்கு. அடுத்த வாரம் கிளாஸ்ல வாத்தியார் மோட்டார் ஸ்பீடுக்கு ஃபார்முலா எழுதுனாரு, 120 இன்ட்டு ஃப்ரீக்வென்சி, கீழ போல்களோட எண்ணிக்கை. நோட்டுல எழுதிக்கிட்டு இருந்த கை அப்படியே நின்னு போச்சு. லீவுக்கு வரும்போது வத்தலக்குண்டு லேத்துல ஒரு பித்தளை புஷ் கடைஞ்சு எடுத்துட்டு வந்து மோட்டார் தண்டுல மாட்டினேன், அஞ்சுல ஒரு பங்கு தடிமன் கூட்டினா போதும், வேகம் சரியாயிடும். சரியாயிடுச்சு. அப்பா ஒரு பக்கம் முழுசா கேட்டுட்டு, “பழசே நல்லாருந்துச்சுப்பா”ன்னாரு.

இதுல இன்னொண்ணு இருக்கு. அந்த ரெக்கார்டே கம்பெனியில இருந்து வேகம் தப்பாத்தான் வந்திருக்கு. 1959 மார்ச் 2ல முதல் மூணு உருப்படிகள பதிவு பண்ணப்ப டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு, அதனால ரெக்கார்டா வரும்போது சுருதி லேசா ஏறிடுச்சு. 1992ல வந்த பதிப்புலதான் அத சரி பண்ணாங்க. அதுவரைக்கும் உலகமே அத கொஞ்சம் வேகமா கேட்டுக்கிட்டு இருந்துச்சு, நாங்க மட்டும் மெதுவா கேட்டோம்.

ஜாஸ்னா என்ன? புதுசா கேக்குறவங்க எதுல ஆரம்பிக்கணும்?

நம்ம கச்சேரில நிரவல், கல்பனாஸ்வரம் கேட்டிருக்கீங்கல்ல, அந்த மனசோட உக்காந்தா போதும். முதல்ல எல்லாரும் சேந்து ஒரு மெட்ட வாசிப்பாங்க, அப்புறம் அந்த மெட்டோட சுத்து அப்படியே ஓடிக்கிட்டு இருக்கும், அதுக்கு மேல ஒவ்வொருத்தரா அந்த நிமிஷத்துல தோணுறத வாசிப்பாங்க, கடைசில மறுபடியும் மெட்டுக்கு வந்து சேருவாங்க. ஆவர்த்தனம் தப்பாம போறது மாதிரிதான் 12 பார், 32 பார்னு (பார்னா தாளத்தோட ஒரு துண்டு) ஒரு கணக்கு சுத்திக்கிட்டே இருக்கும். அத புடிச்சுட்டா பாதி ஜாஸ் புரிஞ்ச மாதிரி.

ஆரம்பிக்க ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வே போதும், ஆனா ஒண்ணு சொல்றேன், முதல் தடவை ட்ரம்பெட்ட விட்டுருங்க. பால் சேம்பர்ஸ் வாசிக்கிற பேஸ், கனத்த குரல்ல வர்ற பெரிய தந்தி வாத்தியம், அத மட்டும் புடிச்சுக்கிட்டே போங்க. முதல் உருப்படியில மெட்ட வாசிக்கிறதே பேஸ்தான், அது ஒரு வரி சொல்லும், மத்தவங்க எல்லாம் ரெண்டே தட்டுல பதில் சொல்லுவாங்க. வில்லுப்பாட்டுல அண்ணாவி கதைய சொல்ல சொல்ல பக்கத்துல இருக்கிறவர் “ஆமா”ன்னு போடுவாரே, அச்சு அசல் அதான். எனக்கு ஜாஸ்ல புடிச்சதே இந்த ஆமா போடுறவங்கதான். ஒருத்தர் வாசிக்கும்போது மத்தவங்க சும்மா இல்ல, அவர் அடுத்து எங்க போகப்போறாருன்னு காத கொடுத்துக்கிட்டே இருக்காங்க, தூக்கி விடுறாங்க, சில இடத்துல வேணும்னே வாசிக்காம விட்டு இடம் கொடுக்குறாங்க. கேக்குறதையும் வாசிப்புல சேத்த இசை இது. நான் எதப் பாத்தாலும், கிரிக்கெட்டோ ஊர் விஷயமோ, இப்படித்தான் பாப்பேன்னு என் வீட்டுல சொல்லுவாங்க, அது உண்மைதான்.

பாட்டு வரியே இல்லாம எப்படி கேக்குறது?

வரி இருக்கிறதும் நெறைய இருக்கு. எலா ஃபிட்ஸ்ஜெரால்ட்னு ஒரு ஜாஸ் பாடகி, அவங்கள கேளுங்க. 1960ல பெர்லின்ல மேடையில பாடிக்கிட்டு இருக்கும்போது ‘மேக் த நைஃப்’ பாட்டோட வரி பாதியில மறந்து போச்சு. அவங்க நிறுத்தல, வரி மறந்துபோச்சேங்கறதையே அங்கயே பாட்டா கட்டி, தாளம் ஒரு இழை விலகாம, ட்ரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடுற குரல்ல வேற கொஞ்சம் பாடி, முடிச்சாங்க. அந்த பதிவுக்குத்தான் கிராமி கிடைச்சுது. வரி போன இடத்துல இருந்து பாட்டு இன்னும் நல்லா ஆயிடுச்சு, கேட்டுப் பாருங்க.

இது பணக்காரங்க கேக்குற இசைதானே சார்? ஸ்டார் ஹோட்டல்ல போடுறாங்க?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கையில இருக்கிற வேலைய வச்சுட்டுத்தான் பதில் சொல்லுவேன். ஹோட்டல்ல இப்ப போடுறாங்க, அது யாரு வீட்டுல பொறந்துச்சுன்னு பாக்கணும்ல. நியூ ஆர்லியன்ஸ்ல அடிமையா வச்சிருந்த கறுப்பின மக்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் காங்கோ ஸ்கொயர்ங்கற மைதானத்துல கூடி பறை மாதிரி தோல் கருவி அடிச்சு ஆட விட்டாங்க. அந்த தாளம், சர்ச் பாட்டு, வேலைக்காட்டுப் பாட்டு, பேண்ட் வாத்தியம் எல்லாம் கலந்து வந்ததுதான் ஜாஸ். லூயி ஆம்ஸ்ட்ராங் 1901ல அதே ஊர்ல பரம ஏழையா பொறந்தவரு, சின்ன வயசுல வண்டியில கரி வித்தவரு, பையன்கள சீர்திருத்தற இல்லத்துல போட்டப்ப அங்க இருந்த பேண்டுலதான் ட்ரம்பெட் மாதிரி இருக்கிற கார்னெட் ஒழுங்கா கத்துக்கிட்டாரு.

அந்த ஊர்ல சாவுக்கு பேண்ட் வரும். போகும்போது மெதுவா, துக்கமா வாசிப்பாங்க, அடக்கம் முடிஞ்சு திரும்பும்போது தெருவே ஆடுற மாதிரி வாசிப்பாங்க, பின்னாடியே சனம் ஆடிக்கிட்டு வரும். நம்ம ஊர்ல பெரியவங்க தவறுனா பறையடிச்சு ஆடி அனுப்புறோமே, அதப் பாத்து வளந்தவனுக்கு இதுல புரியாதது எதுவும் இல்ல. அடிக்கிறவன தள்ளி நிக்க வச்சுட்டு அடிய மட்டும் ரசிச்ச கத ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். அதனால ஜாஸ் எனக்கு வேத்து ஆள் இசை இல்ல.

நம்ம ஊருக்கும் ஜாஸுக்கும் நேரடியா ஏதாவது சம்பந்தம் இருக்கா?

நெறைய இருக்கு. அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் ப்ரூபெக் 1958ல மெட்ராஸ் வந்தப்ப மிருதங்கம் பழனி சுப்ரமணிய பிள்ளையோட சேந்து வாசிச்சாரு. பிள்ளைவாள் இடது கை மிருதங்கம், லய கணக்குல அவருக்கு மேல ஆள் கிடையாதுன்னு சொல்லுவாங்க. அடுத்த வருஷம் அதே ப்ரூபெக் குழு ‘டேக் ஃபைவ்’ வாசிச்சாங்க, அது சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட் போட்டது, அஞ்சு எண்ணிக்கை. அமெரிக்காக்காரங்களுக்கு அது அதிசயம். நமக்கு தகிட தக, தகிட தகன்னு தொடையில தட்டிக்கிட்டே கேக்கலாம்.

சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனுக்கு சிதார் ரவி ஷங்கர் மேல அவ்வளவு மரியாதை, மகனுக்கே ரவின்னு பேரு வச்சாரு, அந்த ரவி கோல்ட்ரேனும் இன்னிக்கு பெரிய சாக்ஸபோன் கலைஞர். கிட்டார்காரர் ஜான் மெக்லாக்லினோட சக்தி குழுவுல கடம் வாசிச்சது நம்ம விக்கு விநாயக்ராம், பின்னாடி அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா. 2024ல அந்த குழுவுக்கு கிராமி கிடைச்சுது. அதே வருஷம் டிசம்பர்ல அந்த குழுவோட தபலாக்காரர் ஜாகிர் உசேன் போயிட்டாரு. அன்னிக்கு கடையில வேற எதுவும் போடல, அவர் தபலா மட்டும்தான். அவரும் மத்தவங்க வாசிக்கும்போது அவங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாரு, கவனிச்சிருக்கீங்களா, அந்த பார்வையே ஒரு வாசிப்பு.

கத்ரி கோபால்நாத் சாக்ஸபோன்ல கர்நாடக சங்கீதம் வாசிச்சது உங்களுக்கே தெரியும். அவரும் அமெரிக்க ஜாஸ்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேந்து 2008ல ‘கின்ஸ்மென்’னு ஒரு ஆல்பம் பண்ணாங்க. ரெண்டு சாக்ஸபோன், ரெண்டு பள்ளிக்கூடம், தேடிக் கேளுங்க.

இளையராஜா ஜாஸா?

இல்ல. ஆனா ஏன் இல்லன்னு சொல்றதுதான் முக்கியம். எங்க மலைக்கு கீழ தேனி பக்கம் பண்ணைப்புரத்துல பொறந்த மனுசன் 2025 மார்ச் 8ல லண்டன்ல தன்னோட சிம்பொனிய ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவ வச்சு அரங்கேத்துனாரு, அன்னிக்கு எங்க தெருவுல பட்டாசு வெடிச்சாங்க. அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பேப்பர்ல எழுதிடுவாரு, ஜாஸ்ல பேப்பர்ல முக்கால்வாசி காலியா இருக்கும். ஆனா அவரோட பேஸ் கிட்டார கேளுங்க, பாடுறவங்களுக்கு கீழ தனியா இன்னொரு மெட்டு நடந்து போகும், குரல் நிக்கிற இடத்துல அது பேசும். அந்த ஆமா போடுற புத்தி அவர்கிட்ட இருக்கு. என் அளவுல அதான் சொந்தம்.

கிரிக்கெட்ல யார புடிக்கும்?

அஸ்வின். 537 டெஸ்ட் விக்கெட். ஒவ்வொரு பாலும் முந்துன பாலுக்கு பதில். பேட்ஸ்மேன் கால் எங்க போகுதுன்னு பாத்துட்டு அடுத்தத போடுறது கேட்டு வாசிக்கிறதுதானே.

ஆனா சமீபத்துல என்னைய உலுக்குனது பொண்ணுங்கதான், 2025 உலகக் கோப்பை. செமி ஃபைனல்ல ஆஸ்திரேலியா வச்ச டார்கெட் 339. ஜெமிமா 127 நாட் அவுட், நூறு அடிச்சும் பேட்ட தூக்கல, ஆட்டம் முடியலேன்னு நின்னுச்சு அந்த பொண்ணு. அதுக்கப்புறம் ஃபைனல், நவம்பர் 2, நவி மும்பை. ஷஃபாலி வர்மா டீம்லயே கிடையாது, பிரதிகா ராவலுக்கு அடிபட்டதால கடைசி நேரத்துல கூப்பிட்டாங்க, வந்து 87 ரன், ரெண்டு விக்கெட். தீப்தி சர்மா 58 ரன்னும் அஞ்சு விக்கெட்டும். 52 ரன்ல ஜெயிச்சாச்சு. கடையில ஒரு கீசர் திறந்தபடியே கிடந்துச்சு, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகல.

ஷஃபாலிய பாத்தப்ப எனக்கு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’தான் ஞாபகம் வந்துச்சு. அதுல பியானோ வாசிச்ச பில் எவன்ஸ் அதுக்கு முன்னாடியே குழுவ விட்டுப் போனவரு, அந்த ரெக்கார்டுக்காக மைல்ஸ் திரும்பக் கூப்பிட்டாரு. குழுவோட அன்னைக்குத் தேதி பியானோக்காரர் வின்டன் கெல்லி வந்து பாத்தா அவர் இடத்துல எவன்ஸ் உக்காந்திருக்காரு. கெல்லிக்கு கிடைச்சது ஒரே ஒரு உருப்படி. அந்த ஒண்ணுல அவர் வாசிச்சிருக்கிறத கேளுங்க, மூஞ்சி தூக்கி வச்சுக்கிட்ட ஆள் வாசிப்பா அது? கூப்பிட்டப்ப வந்து, கிடைச்ச இடத்துல முழு மனசோட வாசிக்கிறவங்கள எனக்கு ரொம்பப் புடிக்கும்.

செஸ் பாப்பீங்களா?

உலக சாம்பியன் போட்டியில குகேஷ் ஜெயிச்ச அந்த பதினாலாவது ஆட்டம் பாத்தேன், 2024 டிசம்பர் 12. டிங் லிரென் யானைய தப்பா நகத்துனதும் அந்த பையன் உடனே கை வைக்கல, உக்காந்து தண்ணி குடிச்சு மூச்சு விட்டு அப்புறம்தான் ஆடுனான். 18 வயசு. பாத்துக்கிட்டு இருந்த என் கண்ணு கலங்கிடுச்சு.

இ-பாஸ் பத்தி என்ன சொல்றீங்க?

வெளியூர்க்காரங்க இதத்தான் கோவமா கேக்குறாங்க. 2024 மே 7ல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ். 2025 ஏப்ரல் 1ல இருந்து வண்டிக்கு கணக்கும் வச்சாங்க, கொடைக்கு சாதாரண நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000. அரசு பஸ்ஸுக்கு கிடையாது, உள்ளூர் வண்டிக்கு கிடையாதுன்னாங்க.

நான் கணக்கு வேணும்ங்கற பக்கம். ஒரு மே மாசம் என் சித்தப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ஆட்டோவுல வச்சு கொண்டு போறோம், ஏழு ரோடு ஜங்ஷன்ல முக்கால் மணி நேரம் வண்டி ஒரு அடி நகரல, ரெண்டு பக்கமும் கார்ல பாட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவர் என் கைய புடிச்சுக்கிட்டே இருந்தாரு. பொழைச்சுக்கிட்டாரு, ஆனா அந்த முக்கால் மணி நேரத்த என்னால மறக்க முடியாது. மலைக்குன்னு ஒரு அளவு இருக்கு, லேத்துல கடையிற புஷ்ஷுக்கே அளவு இருக்கும்போது மலைக்கு இருக்காதா.

ஆனா கணக்கு போட்டா மட்டும் போதாது. ஏரிய சுத்தி குதிரை வச்சிருக்கிறவங்களுக்கு கூட்டம் குறைஞ்ச நாள்லயும் கொள்ளு வாங்கணும். பூம்பாறைல மலைப்பூண்டு போடுறவங்களுக்கு, 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச பூண்டு அது, நேரத்துக்கு லாரி கீழ இறங்கணும். சோளம் வேக வச்சு விக்கிற அக்காவுக்கு சனி ஞாயிறு வியாபாரம்தான் வாரம் முழுக்க சாப்பாடு. இவங்கள எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு கேட்டு முடிவு பண்ணணும். வண்டிய அடிவாரத்துலயே நிறுத்திட்டு மேல சின்ன பஸ் அடிக்கடி விட்டா வர்றவங்களுக்கும் நல்லது, குதிரைக்காரங்களுக்கும் நல்லதுன்னு என் எண்ணம், இத நான் வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.

மலையில ரெக்கார்ட் பூஞ்சை புடிக்குமே, எப்படி வச்சிருக்கீங்க?

அட்டைதான் முதல்ல போகும், ரெக்கார்டு போகாது. அட்டை ஈரத்த குடிச்சு வெள்ளையா பூக்கும், அது உள்ள இறங்கி ரெக்கார்டு மேல புள்ளி புள்ளியா நிக்கும், முள்ளு அதுல ஏறுனா மழை பெய்யிற மாதிரி சத்தம். சுத்தமான தண்ணியில ஒரே சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், மெத்துன்னு இருக்கிற துணி, கோடு போற திசையிலயே சுத்தி சுத்தி துடைக்கணும், குறுக்க தேச்சா போச்சு. நடுவுல இருக்கிற லேபிள்ல தண்ணி படக்கூடாது. அப்புறம் நல்ல தண்ணியில ஒரு தடவை, நிழல்ல நிக்க வச்சு காய வைங்க, வெயில்ல வச்சா அப்பளம் மாதிரி வளைஞ்சுடும். என் பீரோ அடியில ஒரு சின்ன குண்டு பல்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அம்மா கம்பளி வைக்க பண்ணுன ஏற்பாடு, இப்ப ரெக்கார்டுக்கு. ஃபோன்ல கேட்டாலும் ஒண்ணும் தப்பில்ல, ஆனா ஃபோன் ஸ்பீக்கர்ல பேஸ் வராது, சாதா ஹெட்ஃபோனாவது மாட்டிக்கோங்க.

நேர்ல ஜாஸ் கேட்டிருக்கீங்களா?

கச்சேரிக்குப் போனதில்ல. ஆனா ஒரு தடவை கேட்டிருக்கேன்.

ஆகஸ்ட்ல சலேத் மாதா திருவிழா. தேருக்கு கீழ இருந்து பேண்ட் செட் வந்திருந்தாங்க. மழை புடிச்சுக்கிச்சு, ட்ரம்பெட் ஊதுற பெரியவர் ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், சிவப்பு கோட்டு நனைஞ்சு போய் கடை ஓரத்துல ஒதுங்குனாரு. ஸ்டூல போட்டு உக்காருங்கண்ணேன்னு சொல்லிட்டு டீ சொன்னேன். அப்ப ஆம்ஸ்ட்ராங்கோட ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ ஓடிச்சு, 1928 பதிவு. அது ஆரம்பிக்கும்போதே தாளம் கிடையாது, துணை கிடையாது, ட்ரம்பெட் மட்டும் தனியா ஏறி, உச்சில நின்னு, அப்படியே படி இறங்கி வரும், பத்து பன்னெண்டு செகண்டு இருக்கும்.

பெரியவர் டீ கிளாஸ கீழ வச்சுட்டாரு. “தம்பி, அந்த மொத இடத்த மட்டும் திரும்பப் போடுங்க”ன்னாரு. போட்டேன். மறுபடியும்னாரு. நாலு தடவை போட்டேன். நாலாவது தடவை அவர் மடியில ட்ரம்பெட்ட வச்சுக்கிட்டு ஊதாம விரல மட்டும் அமுக்கிக்கிட்டு இருந்தாரு, அந்த வால்வு மூணும் டக் டக்னு ரெக்கார்டோட சேந்து போச்சு.

அப்புறம் எழுந்திரிச்சு வாசல்ல நின்னு, மழைய பாத்துக்கிட்டு ஊதுனாரு. அதே மாதிரி இல்ல. ஏறும்போது அதே வழிதான், உச்சில நிக்கிற இடத்துல மாதா பாட்டு ஒண்ணோட வளைவு வந்துச்சு, இறங்கும்போது அவர் இஷ்டத்துக்கு இறங்குனாரு. பக்கத்து கடை திண்ணையில ஒதுங்கியிருந்த அவங்க செட்டு டிரம்ஸ்காரப் பையன் அத கேட்டுட்டு, குச்சிய எடுத்து, கயித்துல தொங்குற டிரம்மோட ஓரத்துல மெதுவா தட்ட ஆரம்பிச்சான்.